குடிக்கக் குடிக்க நிறைந்த கிளாஸ்

அத்தியாயம் 5

கல்மண்டபம் சுயம்பு சர்பத் கடையின் ஷட்டரில் யாரோ சாணியைக் கரைத்து அடித்திருந்தார்கள். அது காய்வதற்குள் மிதித்துவிட்டுப் போன செருப்புத் தடங்கள் படி முழுக்க அப்பியிருந்தன. அத்தனை தடமும் ஷட்டருக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து நின்றன.

"சாணி அடிக்க வந்தவன் ஷட்டரப் பாத்துதானே நிக்கணும் பீமு? இவங்க ஏன் ரோட்டப் பாத்து நிக்கிறாங்க?" என்று கேட்டாள் பெனிஷா.

"அட்ச்சிட்டு அப்பால திரும்பி நின்னு செல்ஃபி எட்த்துகிறானுங்கக்கா," என்றான் பீம்ராவ். "போட்டோல நாத்தம் தெரியாது பாரு, அந்த தைரியம்."

பெனிஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு செய்தி சேனலின் எடிட்டிங் மேஜையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, அழுகிறவர்களின் அழுகையை அளவு பார்த்து வெட்டி ஒட்டியவள் அவள். ஒருநாள் அந்த வேலை தொண்டை வரைக்கும் வந்து எதுக்களித்தது. எழுந்து வந்து தண்டையார்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டுவிட்டாள். அவளுடைய உதவியாள் பீம்ராவ், வியாசர்பாடிப் பிள்ளை. கூரியர் பை தூக்கி வடசென்னையின் சந்துபொந்தெல்லாம் அளந்தவன். அவன் காலைவிட வாய் வேகமாக ஓடும்.

போன வாரம் ஒரு வீடியோ கிளம்பியது. சுயம்பு கடையின் பின்பக்கச் சந்தில் மாலை தொங்கும் சாவு வண்டி ஒன்று நிற்கிறது. சாக்கு சுற்றிய ஐஸ் பாளம் ஒன்றை இரண்டு பேர் வண்டியிலிருந்து இறக்கி, பின்கதவு வழியாகக் கடைக்குள் கொண்டுபோகிறார்கள். 'பிணத்துக்கு அடியில் கிடந்த ஐஸ், இன்று உங்கள் சர்பத்தில்' என்று அடியில் சிவப்பு எழுத்து. அதைப் பார்த்து ராயபுரம் குமட்டியது, திருவொற்றியூர் காறித் துப்பியது. சர்பத்தையே தொடாதவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்தவருக்கு அனுப்பினார்கள். மறுநாள் ஒரு பெரிய டி.வி. சேனல் அதை எடுத்து, ஐஸைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, நாள் முழுக்க அரைத்த மாவையே அரைத்தது.

சுயம்பு அண்ணாச்சி வேறு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். டி.வி.க்காரன் மைக்கை நீட்டியதும், "ஆமாய்யா, சாவு வீட்டு ஐஸ் நம்ம கடைலதான். எத்தன வருசமா நடக்கு. யாரு வந்து கேட்டாலும் எடுத்துக்கிட்டுப் போங்கன்னு பெட்டியத் தொறந்து விட்ருவோம்லா," என்று வெள்ளை மனசாகச் சொன்னார். சேனல்காரன் 'எத்தன வருசமா நடக்கு' என்பதோடு வெட்டிவிட்டான். பின்னால் திடும் திடும் என்று ஒரு சத்தத்தையும் சேர்த்தான். கேட்டவர்கள் காதில் அது ஒப்புதல் வாக்குமூலமாக விழுந்தது.

இப்போது கடை இருக்கும் இடத்துக்காரர், சாயங்காலத்துக்குள் சாவியைக் கொடுத்துவிடு என்கிறார். ஊரே காறித் துப்புகிற கடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அவருக்குப் பயம். சாவி கொடுப்பதைப் படம் பிடிக்க அதே டி.வி. வண்டி வரப்போகிறதாம். பெனிஷாவைக் கூப்பிட்டது அண்ணாச்சியின் மனைவி சீனியம்மாள். அண்ணாச்சி உள்ளே நன்னாரி ஜாடிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சீனியம்மாள் சொன்னது சுருக்கமான கதை. சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்து, ஃப்ரீசர் பெட்டி வர நேரமானாலோ கரண்ட் போனாலோ இங்கேதான் ஐஸ் கேட்டு வருவார்கள். பின்கதவையும் ஐஸ் பெட்டியையும் திறந்து விட்டுவிட்டு, கடைக்காரர்கள் முன்பக்கம் வந்துவிடுவார்கள். வந்தவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு போவார்கள். காசு கிடையாது.

"பேரு கேக்கக்கூடாது தாயி. மொகத்தயும் பாக்கக்கூடாது. நன்றின்னு அவங்களும் சொல்லக்கூடாது. எங்க மாமனாரு காலத்துலேருந்து அப்படித்தான்," என்றாள் சீனியம்மாள். "இப்ப வந்து யாருக்குக் கொடுத்தன்னு கேட்டா நாங்க எங்க போவோம்?"

அதாவது இவர்கள் கொடுத்ததற்கு இவர்களே சாட்சி சொல்ல முடியாது. அந்த வண்டிக்கு நம்பரும் தெரியவில்லை. தூக்கியவர்களின் முகத்தில் துண்டு. அவர்கள் யாராக இருந்தாலும் இந்நேரம் அடிக்குப் பயந்து எங்கேயாவது ஓடியிருப்பார்கள்.

வெளியே வந்தபோது ஜெகதீசன் நின்றுகொண்டிருந்தான். 'கரையோரக் கழுகு' என்று ஒரு யூடியூப் சேனல் வைத்திருப்பவன், எண்ணூர்க்காரன். வீடியோவை முதன்முதலில் போட்டது அவன்தான். கறுப்புத் தொப்பி, கையில் கழுகு படம் போட்ட மைக். பெனிஷாவைப் பார்த்ததும் பவ்யமாகக் கும்பிட்டான். பொதுமக்களில் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பியதை மக்கள் நலனுக்காக வெளியிட்டதாகவும், அனுப்பியவர் நம்பரைக் காட்டினால் அவர் உயிருக்கு ஆபத்து என்றும் சொன்னான். வண்டிக்காரன் கிடைத்தால் முதல் பேட்டி தனக்குத்தான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். சாயங்காலம் இங்கிருந்தே லைவ் போகிறதாம். பேசுகிற நேரமெல்லாம் தொப்பிக்குள்ளிருந்து வேர்வை வழிந்து காதோரம் சொட்டியது. கழற்றி விசிறிக்கொள்ளக் கூடாதா என்று பீம்ராவ் கேட்டதற்கு, அதுதான் தன் பிராண்டு என்று பதில் வந்தது.

அவன் நகர்ந்ததும் பீம்ராவ் பெனிஷாவின் காதருகில் வந்தான். "அந்த மைக்க பாத்தியாக்கா? ஒயரு சட்ட பாக்கெட்டுக்குள்ள பூந்து அத்தோட முட்ஞ்சி போச்சு. சத்தம்லாம் போன்லதான் ஏறுது. அது சும்மா பந்தாவுக்கு."

பெனிஷா தலையசைத்தாள். அவள் வேலை பார்த்த இடத்தில் கேமராவுக்கு எதிரே அடுக்கியிருந்த புத்தகங்கள்கூட வெறும் அட்டைதான்.

* * *

எதிர் டீக்கடையில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தார்கள். பீம்ராவ் டி.வி.யில் வந்த படத்தை எடுக்கப்போக, பெனிஷா அவன் கையைத் தட்டிவிட்டாள். டி.வி.யில் நடுவை மட்டும் பெரிதாக்கி ஓரத்தையெல்லாம் நறுக்கிவிட்டார்கள். ஊர் முழுக்கச் சுற்றியது அந்த நறுக்கல்தான். நறுக்காதது ஜெகதீசனின் சேனலில் மட்டும் இருந்தது. அதைப் போடச் சொன்னாள்.

ஒரு சோக வயலின் இழுத்தது. வண்டி, ஐஸ், பின்கதவு. முடிந்தது. மறுபடி போடச் சொன்னாள். பீம்ராவ் டீயை உறிஞ்சியபடி, ஐஸைப் பார்த்துப் பார்த்து டீயே ஆறிப்போச்சு என்று அலுத்துக்கொண்டான்.

"சத்தம் எங்க பீமு?" என்றாள் பெனிஷா. "சந்துல ஒரு காக்கா கத்தல. ரெண்டு பேரு பாரம் தூக்கறாங்க, ஒருத்தனும் 'பாத்து பாத்து'ன்னு சொல்லல. வயலின் மட்டும் கேக்குது."

"சத்தத்த எட்த்துட்டு மியூசிக் போட்டுகிறான்."

"ஏன் எடுத்தான்? இவனுக்குச் சாட்சிதானே வேணும்? சத்தமும் சாட்சிதானே?"

எடிட்டிங் மேஜையில் ஒரே ஒரு வேலை செய்யும்போதுதான் சத்தத்தை முதலில் தூக்கி எறிவார்கள். படத்தைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட விடும்போது. படம் ஏமாற்றும், குரல் ஏமாற்றாது, திருப்பி ஓட விட்டால் உளறும். இந்த யோசனை தலைக்குள் வந்ததும் அதை அவள் பீம்ராவிடம் சொன்னாள். ஆனால் பின்னோக்கி ஓடினால் மனிதர்கள் பின்னால் நடக்க வேண்டுமே என்று பீம்ராவ் மடக்கினான். நல்ல கேள்வி. இருவரும் மறுபடி பார்த்தார்கள். பாரத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்திருந்தார்கள். ஒருவன் முன்னால் பார்த்து நடந்தான், மற்றவன் பின்னால் நடந்தான். பீம்ராவ் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். பீரோவைத் தூக்கினாலும் பிணத்தைத் தூக்கினாலும் ரெண்டு பேரில் ஒருத்தன் பின்னால்தான் நடக்கணும். எந்தப் பக்கம் ஓட விட்டாலும் அது அப்படியேதான் தெரியும்.

"ஐஸப் பாக்காத," என்றாள் பெனிஷா. "எல்லாரும் அதத்தான் பாத்தாங்க. ஓரத்தப் பாரு."

இடது ஓரத்தில், வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கையில் கண்ணாடி கிளாஸ். வீடியோ தொடங்கும்போது கிளாஸ் காலி. ஆள் அதை வாயில் வைத்தார். வைத்துக்கொண்டே இருந்தார். வாயிலிருந்து எடுத்தபோது கிளாஸ் விளிம்பு வரைக்கும் சிவப்பாக நிறைந்திருந்தது.

பீம்ராவ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். திரும்ப ஓட விட்டுப் பார்த்தான். குடிக்கக் குடிக்க நன்னாரி சர்பத் நிறைந்துகொண்டே வந்தது.

"யக்கா, இந்த கிளாஸு எங்க விக்குதுன்னு கேட்டுச் சொல்லு. ஒண்ணு வாங்கினா ஆயுசுக்கும் போதும்," என்றான். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்போ ஐஸு வண்டிலேந்து கடைக்கு வர்ல. கடைலேந்து வண்டிக்குப் போயிகீது."

சுயம்பு சொன்னது சத்தியம். சாவு வீட்டுக்குக் காசு வாங்காமல் கொடுத்த ஐஸைத்தான் ஒருவன் திருப்பி ஓட விட்டு, கொடுத்தவர் முகத்திலேயே அடித்திருக்கிறான். லட்சக்கணக்கான கண்கள் பார்த்த வீடியோ. ஒரு கண்ணுக்குக்கூட அந்த மூலையில் நின்ற ஆள் தெரியவில்லை. பெனிஷாவுக்கு அப்படிப் பார்த்தவர்கள் மேலேயே அருவருப்பாக வந்தது. வட்டம் போட்டால் வட்டத்துக்குள் மட்டும் பார்க்கிற கண்ணை எதில் சேர்ப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

கிளாஸ் ஆசாமியின் கழுத்தில் மாலை மாதிரி ஏதோ தொங்கியது. பீம்ராவ் பெரிதாக்கிப் பார்த்தான். கற்றையாக வாழைநார். தலைமுடியில் இரண்டு ரோஜா இதழ். அவனுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. சாவுக்குப் பூப்பல்லக்கு கட்டுகிறவர் என்றான். கல்மண்டபத்தில் அந்த வேலை செய்யும் கொட்டகை எங்கே என்று அவனுக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் தெரியும்.

* * *

கொட்டகைக்குள் சாமந்தி நாற்றம் மூச்சை அடைத்தது. பாதி கட்டிய பல்லக்கு ஒன்றுக்கு முன் படத்தில் கிளாஸோடு நின்ற அதே ஆள், பெயர் சாலமோன், குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூங்கிலில் நார் சுற்றிக்கொண்டிருந்தார். மூலையில் சின்ன டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. சர்பத் கடை என்றதுமே அவர் முகத்தைச் சுளித்தார்.

அந்தப் பேச்சை எடுக்காதே என்றார். அவரும் அந்தக் கடையில்தான் ரொம்ப நாளாகக் குடித்துக்கொண்டிருந்தாராம். டி.வி.யில் பார்த்ததிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லையாம்.

"நெனச்சாலே கொமட்டிகினு வர்து நைனா," என்றார். "பொணத்துக்கு அடில கெடந்த ஐஸு. இத்தினி நாளா என் வவுத்துக்குள்ள போயிகீது. அண்ணாச்சிய எவ்ளோ நல்ல மன்சன்னு நெனச்சிகினு இருந்தேன்."

பீம்ராவ் போனை நீட்டினான். நறுக்காத படம். சாலமோன் ஐஸைப் பார்த்து முகத்தைத் திருப்பப் போனார். பெனிஷா மூலையைத் தொட்டுக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். கையிலிருந்த நார் நழுவியது.

அது தான்தான் என்றார். சட்டை அடையாளம் தெரிகிறது என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொன்னார். போன மாதம் ஒரு சாவு. வீட்டுப் பையன் பல்லக்கு சொல்ல வண்டியோடு இங்கே வந்திருந்தான். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்தது. கரண்ட் போய் ஃப்ரீசர் பெட்டி நின்றுவிட்டது, வரும்போது ஐஸ் கொண்டு வா என்று. அண்ணாச்சி கடைக்கு வழி காட்டியதே சாலமோன்தான். வண்டிக்காரர்கள் ஐஸை ஏற்றுவதற்குள் அவர் முன்பக்கம் போய் ஒரு சர்பத் வாங்கிக்கொண்டு சந்தில் நின்று குடித்தார். அந்தப் பையன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"அப்போ ஐஸு வெளிய வந்தத உன் ரெண்டு கண்ணால பாத்துகிற," என்றான் பீம்ராவ். "அப்பறம் டி.வி.ல உள்ள போனதப் பாத்து நம்பிட்ட."

சாலமோன் தலையைக் குனிந்தார். "டி.வி.ல நான் இல்லியேப்பா. வேற என்னிக்கோ நடந்துதுன்னு நெனச்சிட்டேன். பொய்யா காட்டுவாங்கன்னு யாரு கண்டா?"

தன் வாயில் தானே குடித்த சர்பத்தைவிட, எவனோ காட்டிய வட்டத்தை இந்த மனிதர் பெரிதாக நம்பியிருக்கிறார். அவரைத் திட்டலாமா என்று பெனிஷா யோசித்தாள். திட்டி என்ன செய்வது, அந்த வட்டங்களைப் போட்டுக்கொண்டிருந்தவர்களில் அவளும் ஒருத்தி. சாவு யார் வீட்டில் என்று மட்டும் கேட்டாள்.

"எண்ணூர்ல. ஊருக்கெல்லாம் கரண்டு குட்க்கற ஊர்ல அன்னிக்கு கரண்டு இல்ல பாரு," என்றார் சாலமோன். "செத்தவங்க பேரு தாயம்மா. பையன் பேரு தெர்ல. மைக் புட்ச்சிகினு திரிவானே, கழுகு படம் போட்ட மைக்கு. அந்தத் தம்பியோட அம்மா."

பீம்ராவ் எழுந்து போய் மூலையில் ஓடிய டி.வி.யை அணைத்தான்.  

பெனிஷாவுக்கு அந்தக் கறுப்புத் தொப்பி ஞாபகத்துக்கு வந்தது. வேர்வை சொட்டச் சொட்டக் கழற்றாத தொப்பி. கொள்ளி போட்ட மகன் தலையில் என்ன இருக்கும் என்று கேட்கவா வேண்டும். பெற்றவள் உடம்பு கெடாமல் இருக்கக் கிடைத்த ஐஸை எடுத்து இவன் ஊருக்கு விருந்து வைத்திருக்கிறான்.  பெனிஷா கொட்டகைக்கு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

* * *

சாயங்காலம் கடை வாசலில் ஒரே கூட்டம். டி.வி. வண்டி நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் நகர முடியாமல் ஹாரன் அடித்தன. இடத்துக்காரர் சாவிக்குக் கையை நீட்டத் தயாராக இருந்தார். சுயம்பு சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். சாணிக் கறைக்கு முன்னால் நிற்கும்படி டி.வி.க்காரன் அவரை ஓர் அடி தள்ளி நிறுத்தினான்.

ஜெகதீசன் போனை ஸ்டாண்டில் மாட்டி லைவ் ஆரம்பித்திருந்தான். மக்கள் சக்தி வென்றது என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தான். பீம்ராவ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய்த் தோளில் கை போட்டான்.

"அண்ணாத்த, ரொம்ப வேர்க்குது பாரு," என்று சொல்லித் தொப்பியைத் தூக்கிவிட்டான்.

மொட்டை. ஒரு மாசத்து முடி முள்முள்ளாக நின்றது. யாருக்கு மொட்டை என்று பெனிஷா கேட்டாள். திருத்தணி வேண்டுதல் என்று ஜெகதீசன் சட்டென்று சொன்னான். சொல்லும்போதே அவன் பார்வை கூட்டத்தின் ஓரத்தில் சிக்கிக்கொண்டது. அங்கே கழுத்தில் வாழைநாரோடு சாலமோன் நின்றிருந்தார்.

"தம்பி, உங்கம்மாவுக்குப் பல்லக்கு கட்னது நான்தானே," என்றார் சாலமோன். "ஐஸு இங்கேந்துதானே ஏத்திகினு போனோம்."

 ஜெகதீசன் பெனிஷாவின் முழங்கையைப் பிடித்து ஸ்டாண்டுக்குப் பக்கமாக இழுத்தான். பழக்க தோஷத்தில் கழுகு மைக்கை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டான்.

"யக்கா, அசிங்கப்படுத்தாத. நான் மொதல்ல நேராத்தான் போட்டேன்," என்றான் அடிக்குரலில். "அம்மாவுக்கு ஐஸ் குடுத்த அண்ணாச்சின்னு பேரு வெச்சி, சத்தத்தோட, அயுதுகினே போட்டேன். எவனும் பாக்கல. எங்க மாமாகூட பாக்கல. ஒருநாள் சும்மா திருப்பி ஓட்டிப் பாத்தேன். போட்டேன். ஊரே பாத்துச்சு. நல்லத எவன்க்கா பாக்கறான்? இப்போ சொல்லு, தப்பு என்னுதா அவனுங்களுதா?"

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அது நடிப்பில்லை என்பதுதான் பெனிஷாவுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அருவருப்பாக இருந்தது.  அவள் ஸ்டாண்டில் இருந்த போனைக் கண்ணால் காட்டினாள். மூடியிருந்த மைக்கின் ஒயர் அவன் பாக்கெட்டுக்குள் போய் முடிந்திருந்தது. சத்தம் ஏறிய போன் மூடாமல் இருந்தது. திரையில் லைவ் பார்த்தவர்களின் கமென்டுகள் படிக்க முடியாத வேகத்தில் மேலே ஓடிக்கொண்டிருந்தன. போட்ட வேஷத்தை ஊரோடு சேர்ந்து அவனும் நம்பிவிட்டிருந்தான்.

அடுத்து நடந்ததைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பார்த்தாள். கூட்டத்தில் பாதிப் பேர் கையில் அதே லைவ் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் சாணி அடித்த கைகள் இப்போது ஜெகதீசனின் சட்டையைப் பிடித்தன. அம்மா பிணத்தை வித்தவன் என்று ஒருவன் கத்தினான். அந்தச் சொல் அடுத்த நிமிடமே பத்துப் போன்களில் தலைப்பாகிவிட்டது. அவன் வீடு எந்தத் தெரு என்று கேட்டு நான்கைந்து பைக்குகள் எண்ணூர்ப் பக்கம் கிளம்பின. பீம்ராவும் சாலமோனும் நடுவில் புகுந்து அவனைப் பிய்த்தெடுத்து, ரோந்து வந்த போலீஸ்காரரிடம் தள்ளினார்கள். அதில் பீம்ராவின் உதடு கிழிந்தது. யார் அடித்தது என்றே தெரியவில்லை.

டி.வி.க்காரன் ஓடி வந்து பெனிஷாவிடம் மைக்கை நீட்டினான். கிளாஸ் ஆசாமியை மறுபடி ஒருமுறை கிளாஸோடு நிற்க வைக்க முடியுமா, பின்னால் அண்ணாச்சி அழுகிற மாதிரி வந்தால் நன்றாக இருக்கும் என்றான். 'எத்தன வருசமா நடக்கு' என்று வெட்டியதற்கு மன்னிப்புப் போடுவீர்களா என்று அவள் கேட்டாள். அந்த நியூஸ் முடிந்துபோச்சு மேடம், இது புது நியூஸ் என்றான்.

இடத்துக்காரர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கடையை நீங்களே நடத்துங்க அண்ணாச்சி, எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும் என்று சொல்லிவிட்டு மெல்ல நழுவினார்.

* * *

கூட்டம் கலைந்தபின் சீனியம்மாள் ஷட்டரைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். பீம்ராவ் கிழிந்த உதட்டில் ஒரு துண்டு ஐஸை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான்.  சுயம்பு நன்றி என்று சொல்லவில்லை, இந்த வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது என்று பெனிஷா எடுத்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்து புதிதாக வந்த ஐஸ் பாளங்களைச் சாக்கால் மூடி வைத்தார்.

அப்போது ஒரு ஆள் மூன்று சக்கர சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் வந்தார். லுங்கி, கலைந்த தலை, அழுது வீங்கிய கண். வந்தவர் கதவருகில் நின்று தயங்கினார். தங்கள் தெருவில் கரண்ட் இல்லை, பெட்டி நின்றுவிட்டது என்றார்.  இந்தப் பின்கதவில் இவ்வளவு சொன்னால் போதும்.

சீனியம்மாள் பழக்கப்படி துடைப்பத்தைப் போட்டுவிட்டு முன்பக்கம் திரும்பி நடந்தாள். சுயம்பு நகரவில்லை. பெட்டி மூடியில் கையை வைத்தபடி வந்தவரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பேரு என்ன?"

வந்தவர் திகைத்தார். "யாரு பேரு அண்ணாச்சி? என்னுதா, செத்தவங்களுதா?"

"ரெண்டும் சொல்லும். தெருவும் சொல்லும்."

சீனியம்மாள் பாதி வழியில் நின்றுவிட்டாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பீம்ராவிடம், "தம்பி, ஒம்ம போன எடும். ஐஸு இங்கேயிருந்து அங்க போவுதுன்னு நல்லாத் தெரியணும்," என்றார். பிறகு உள்ளே போய் விளிம்பு வரைக்கும் நன்னாரி சர்பத் ஊற்றிய கிளாஸோடு வந்து, அதைப் பெனிஷாவிடம் நீட்டினார்.

"நீங்க அந்த மூலைல நில்லுங்கம்மா. நின்னு குடிங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். சைக்கிள் சக்கரத்துக்குப் பக்கத்தில், சாலமோன் நின்ற அதே சுவரில் சாய்ந்து நின்றாள். பீம்ராவ் உதட்டிலிருந்த ஐஸை எறிந்துவிட்டுப் போனை உயர்த்தினான்.  செத்துப்போன மனைவியின் பேரைச் சொல்லும்படி அந்த ஆளிடம் கேட்டார்கள். அவர் கேமராவைப் பார்த்து அந்தப் பேரைச் சொன்னார். இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார் சுயம்பு. அவர் சொன்னார்.

ஐஸ் பாளம் பெட்டியிலிருந்து சைக்கிளுக்குப் போனது. சர்பத் தித்திப்பாகவே இருந்தது. ஒவ்வொரு மடக்கிலும் பெனிஷாவுக்குத் தான் எழுந்து வந்த அந்த எடிட்டிங் மேஜை ஞாபகத்துக்கு வந்தது. கிளாஸ் காலியாவது படத்தில் தெளிவாக விழ வேண்டும் என்பதால் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.